ஃபோர் வீலில் நிற்காத வண்டியும் கல்யாணச் சாம்பாரும்

மெக்கானிக் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு: மலையில் அடம்பிடித்த வண்டி, ஒர்க்‌ஷாப் வாசலைப் பார்த்ததும் சாதுவாகிவிடும். "சத்தியமா நேத்து மக்கர் பண்ணுச்சுங்க" என்று மெக்கானிக் முன்னால் அசடு வழிந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புடவை முடிச்சு

மராட்டி ஊரான எங்கள் கட்கியில் வசந்தா அக்காவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். அண்டா குண்டா ஏற்ற ஒரு பிக்அப் வண்டி வைத்திருக்கிறார். சாதாரணமாக அதில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். சேறு, மேடு வந்தால் சின்ன லீவர் ஒன்றை இழுத்துவிட்டால் முன்சக்கரமும் சேர்ந்துகொள்ளும்.

ஒருநாள் வண்டி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. அந்த லீவரைப் பழைய புடவைக் கிழிசலால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இழுத்துவிட்டாலும் மேட்டில் தானாகத் துள்ளிப் பழைய இடத்துக்கே போய்விடுகிறதாம். "கட்டினா நிக்குமா அக்கா?" என்றேன்.

"நல்ல காட்டன் புடவை தம்பி. அதுக்கே அடங்கலன்னா இன்னா திமிரு பாத்துக்கோ!"

புது மேட்டு

என் கூட்டாளி ஷிண்டே மராட்டிக்காரர். என்னோடு பழகிப் பழகி அரைத் தமிழ் பேசுவார். லீவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்; உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது. மாற்றினோம். பின்பக்கத்து மண்மேட்டில் ஏற்றி இறக்கினோம். லீவர் அசையவில்லை. ஷிண்டே வண்டிக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

இத்தனையும் நடக்கும்போது அக்காவின் வீட்டுக்காரர் செல்வம் அண்ணன், சுருட்டிய ரப்பர் மேட்டு ஒன்றைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள் காலடியில் விரிக்க, கேம்ப் கடைத்தெருவில் தேடித் தேடி வாங்கியது. ஷிண்டே கைவைப்பதற்கு முன்பே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டுவிட்டார். வேலை முடிந்ததும் தானே குனிந்து விரித்து, ஓரமெல்லாம் தட்டிவிட்டுச் சொன்னார்:

"கிரீஸ் கையோட உள்ள ஏறாதீங்கப்பா, புதுசு!"

பாதி மலை

அந்தச் சனிக்கிழமை முல்ஷி தாண்டி ஒரு மலைத்தோட்டத்தில் கல்யாணம். கோயம்புத்தூர்ப் பெண், மராட்டி மாப்பிள்ளை. இரண்டு பேரும் ஐ.டி. மேலே சமைக்கத் தண்ணீர் போதாது என்பதால் எல்லாவற்றையும் கட்கியிலேயே சமைத்து ஏற்றியாயிற்று. "எதுக்கும் நீயும் வா தம்பி" என்று அக்கா என்னையும் இழுத்துப் போனார்.

மே மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. மண்பாதை அல்வாவாகிவிட்டது. விருந்தாளிகள் காரைக் கீழே விட்டுவிட்டு, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். செல்வம் அண்ணன் ஓட்ட, நாங்கள் லீவரை இழுத்துவிட்டு மேட்டில் ஏறினோம். பாதி வழியில் 'டக்'! லீவர் துள்ளியது. முன்சக்கரம் கைவிட்டது. பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. வண்டி பின்னால் வழுக்க, பின்னாலிருந்த சாம்பார் அண்டா பெருமூச்சு விட்டது. செல்வம் அண்ணன் பிரேக்கை மிதிக்க, நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா போன். தாலி கட்டியாயிற்று, பந்தி போடலாமா என்று கேட்கிறார். அக்கா குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"பாதி மலை ஏறிடுச்சும்மா, நீங்க இலையப் போடுங்க!"

கத்தி

ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தேன். லீவரை மெதுவாக இழுத்தேன். கடைசி ஒரு விரல் அளவில் ஏதோ மெத்தென்று எதிர்த்துத் தள்ளியது. இரும்பு அப்படித் தள்ளாது. கீழே கைவிட்டுத் தடவினேன். செல்வம் அண்ணனின் புது மேட்டு! லீவருக்கு விட்டிருந்த ஓட்டை சின்னது. தடித்த ரப்பர் லீவரை முழுசாக விழ விடாமல் முட்டிக்கொண்டிருந்தது. அரைகுறையாக விழுந்த லீவர், பாரம் ஏறியதும் துள்ளிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் மேட்டு அண்ணன் மடியில் இருந்ததே, அப்புறம் எப்படிக் கோளாறு தெரியும்?

"அக்கா, கத்தி குடுங்க" என்றேன். காய் நறுக்கும் கத்தி வந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓட்டையைச் சுற்றி அகலமாக அறுத்துப் போட்டுவிட்டு லீவரை இழுத்தேன். 'லொடக்' என்று போய் உட்கார்ந்தது பாருங்கள், எனக்குக் கெட்டிமேளம் கேட்ட மாதிரி இருந்தது. வண்டி ஒரே மூச்சில் ஏறியது. தாமதமாக வந்து ஓரமாக நடந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டு விருந்தாளிகள் விசிலடித்துக் கைதட்டினார்கள். அக்கா புருஷனைப் பார்த்தார்.

"அண்டா ஏத்துற வண்டிக்கு மெத்தை போட்டவரு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்யா!"

பந்தியில்

சாம்பார் சூடாகவே இருந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் அதைக் கிண்ணத்தில் வாங்கிப் பாயசம் மாதிரி குடித்துக்கொண்டிருந்தார். நான் முழங்கால் வரை சேற்றோடு ஓரமாக நின்றேன். கல்யாணப் பெண்ணே பக்கத்தில் வந்து, "அண்ணா, நீங்க எந்த வீடு? எங்க சைடா, அவங்க சைடா?" என்றாள். அக்கா கரண்டியோடு குறுக்கே வந்தார்.

"இவரு கியர் வீடு, கண்ணு. மொதல்ல இவருக்கு ஒரு எலை போடு!"

இத்தனை வருஷத் தொழிலில் நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: வண்டி தானாகக் கெடுவது கொஞ்சம், நாம் பிரியமாகக் கவனித்துக்கொள்வதில் கெடுவதுதான் அதிகம்.