வண்டியில் ஏறாத மாமா

என் மாமா மெத்தைக் கடையில் விற்பனையாளர். வருகிறவர்களை எல்லாம் படுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் பகல் முழுக்க நிற்கிற வேலை. நாற்பது தாண்டியதும் அவரை மாரத்தான் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு கடைக்கு வருகிறவர்கள் மெத்தையைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்களோ இல்லையோ, மாமாவின் முழங்காலைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வெளியே போக முடியாது.

போன வருடப் போட்டியில் பாதி வழியிலேயே அத்தையின் ஸ்கூட்டரில் ஏறி வீடு வந்து சேர்ந்தார். கடையில் போய் முடித்துவிட்டதாகச் சொன்னார். எப்படியோ விஷயம் கசிந்தது. அன்றிலிருந்து கடையில் அவர் பெயர் 'பாதி'. அந்தப் பெயரைக் கழுவ இந்த வருடம் மறுபடியும் கிளம்பினார். போட்டிக்கு முன்னால் ஒரு நாள் முப்பது கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டுமாம்.

"ஓடுங்க, யார் வேணாங்கறது?" என்றாள் அத்தை. "ஆனா இந்தத் தடவை என் வண்டில ஏறினீங்கன்னா, அதோட மாரத்தான் பேச்சு நம்ம வீட்ல முடிஞ்சுது."

"ஏறினா என்னை மனுஷனா மதிக்காத."

"இப்ப மட்டும் என்னவாம்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். மாமா காலில், நானும் அத்தையும் ஸ்கூட்டரில். பின்னால் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைக் கட்டிப்பிடித்திருப்பது என் வேலை. பள்ளி முடித்து வீட்டில் சும்மா இருந்தால் இப்படித்தான். அத்தை வாசலிலேயே வண்டி மீட்டரின் குமிழைத் திருகித் தூரத்தைப் பூஜ்யமாக்கினாள். மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் கையில் புது வாட்ச். அது சொல்வதுதான் அவருக்கு தூரம். அதில் ஏறாத தூரம் ஓடாத தூரம்.

கிடங்குகள் வரிசையாக நின்ற வட்டச் சாலையில் முதல் பாதியை மாமா பேசிக்கொண்டே ஓடினார். பெட்ரோல் பங்க் குழாயில் முகம் கழுவ நின்றபோது வாட்ச்சை நிறுத்தினார். நிற்கிற நேரம் கணக்கில் சேர்ந்தால் வேகம் குறைந்துவிடுமாம். "இனிமே வாட்ச்சையே பாக்க மாட்டேன். பாத்தா மனசு உடைஞ்சிரும். அனுபவப்பட்டவங்க செய்றது" என்று சொல்லிவிட்டு ஓடினார். போன வருடம் பாதி ஓடிய அனுபவம்.

வெயில் ஏறியது. பேச்சு நின்றது. மாமாவின் ஓட்டம், வழுக்கும் தரையில் பீரோவை நகர்த்துவது போல ஆனது. "உங்க கடை மெத்தைய நடுரோட்ல போட்டு வைக்கவா?" என்று அத்தை கேட்டாள். மாமா வண்டிப் பக்கமே திரும்பவில்லை. எங்கள் தெரு முனை வந்ததும்தான் வாட்ச்சைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இருபதுகூட ஆகல."

"குழாய்கிட்ட வாட்ச்ச நிறுத்தினீங்களே, திரும்ப ஓட விட்டீங்களா?" என்றாள் அத்தை. மாமா விழித்தார். "என் மீட்டர்ல முப்பது தாண்டியாச்சு. முடிஞ்சுது, ஏறுங்க."

"என்னை வண்டில ஏத்தறதுக்குத்தான சொல்ற?"

"நானும் பாத்தேன் மாமா" என்றேன்.

"நீ அவ கட்சி."

ஒரு வருடமாக அத்தை செய்த கிண்டலுக்கெல்லாம் தலையாட்டியவர், அவள் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. திரும்பி, வந்த வழியே ஓட ஆரம்பித்தார். ஓட்டம் என்பது மரியாதைக்கு. காய்கறிப் பையோடு போன ஓர் அம்மாள் அவரைத் தாண்டிப் போனார்.

இன்னும் கொஞ்ச தூரம் விட்டிருந்தால் அவரே வண்டியில் விழுந்திருப்பார். அத்தைக்கு ஆயுள் முழுக்க நிம்மதி. ஆனால் அவள் வேகமாகப் போய் வண்டியை அவருக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை உருவி அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே வச்சுக்கங்க. யாரும் ஏறல, யாரும் ஏத்தல. மீட்டரப் பாத்துட்டு வீட்டுக்கு நடங்க."

மாமா குனிந்து மீட்டரைப் பார்த்தார். அந்த எண் பொய் சொல்லுமா என்று யோசித்தார் போலிருக்கிறது. குனிந்தவரால் உடனே நிமிர முடியவில்லை.

சாவி மாமாவிடம் இருந்ததால் அத்தை வண்டியைத் தள்ளினாள். நான் காலி பாட்டில்களோடு பின்னால் நடந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. வண்டிக்குப் பக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்த மாமா, மெல்லச் சீட்டின் மேல் கை வைத்தார்.

"கைய எடுங்க" என்றாள் அத்தை. "தொட்டாலும் ஏறின கணக்குதான். அப்புறம் போட்டிக்கு விடமாட்டேன்."

எடுத்துவிட்டார்.