நான் அவசரப்பட்டுச் சொன்ன சாட்சியும் என் மகளின் கிட்னியும்

ஆண்டவரின் பிள்ளைகளே, உங்களில் பலர் என் சாட்சியை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறீர்கள். என் மகள் பெனிஷாவுக்குச் சுகம் கிடைத்தது என்று பெண்கள் கூட்டத்தில் நின்று சொன்னேன். அது அரைகுறைச் சாட்சி. மிச்சத்தைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். நடுவில் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெனிஷா அப்போது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தின வாரம் காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கிப் போட்டது. குடித்த கஞ்சியெல்லாம் வாந்தி. இடுப்பைத் தொட்டாலே கத்தினாள். தக்கலையில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் சிறுநீரைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, கிருமி கிட்னி வரை ஏறிவிட்டது என்றார். குடிக்க ஒரு மருந்து தந்தார். "காய்ச்சல் விட்டாலும் பத்து நாளும் குடுக்கணும். நடுவுல நிப்பாட்டப்பிடாது, கேட்டியளா" என்று இரண்டு தடவை சொன்னார்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அப்போது ஆந்திராவில் இருந்தார். நான் தனியாகக் கட்டிலடியில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள். எனக்கு எதிலும் அவசரம். அம்மா வீட்டில் தீப்பெட்டி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அன்று சாயங்காலமே கூட்டத்தில் எழுந்து, கர்த்தர் தொட்டுச் சுகமாக்கினார் என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, நான் மைனி என்று கூப்பிடும் எதிர்வீட்டு அண்ணி கேட்டார்.

"அப்போ மருந்து ஒண்ணும் குடுக்கல்லியா?"

"இல்ல மைனி. நிப்பாட்டியாச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கொடுக்கிறேன் என்று சொன்னால் சாட்சிக்கு மதிப்பு குறையும் என்று நினைத்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும், சொன்னது பொய்யாகக் கூடாதே என்று மீதி மருந்தை வாஷ்பேசினில் ஊற்றினேன். கசப்பு மருந்து போச்சு என்று பெனிஷா கைதட்டினாள்.

இரண்டு மாதம் கழிந்து அதே காய்ச்சல். தக்கலைக்குப் போனால் சபைக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் புதுக்கடைக்குக் கொண்டுபோனேன். முன்பு வந்ததை அங்கே சொல்லவில்லை. ஊசி போட்டார்கள், குறைந்தது. மூன்றாம் தடவை குலசேகரம் பக்கம் போனேன். ஒவ்வொரு டாக்டரும் இதுதான் முதல் தடவை என்று நினைத்தே மருந்து தந்தார். காய்ச்சல் விட்டதும் நானும் நிறுத்திவிடுவேன். வீட்டுக்காரர் போனில் கேட்டால் சளிக்காய்ச்சல் என்பேன். அந்த நாட்களில் நான் ஜெபிக்காமல் இல்லை. ஆனால் என் மானத்தைக் காப்பாற்றும் என்றுதான் ஜெபித்தேன். பிள்ளையின் வேதனை எனக்கு இரண்டாவதாகப் போயிற்று. பெற்ற தாய் சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஆனாலும் நடந்தது அதுதான்.

நான்காம் தடவை பிள்ளை வாடித் துவண்டுவிட்டாள். வீட்டுக்காரர் அன்று ஊரில் இருந்தார். வாரி எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓடினோம். அங்கே குழந்தைகள் டாக்டர் ஒரு அம்மா. "இதுக்கு முன்ன இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். இதுதான் முதல் தடவ" என்றார் வீட்டுக்காரர்.

நான் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். என் தோளில் கிடந்த பெனிஷா தலையைத் தூக்காமலே, "புதுக்கடையில ஊசி போட்டாவல்லியாம்மா" என்றாள்.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சி சொன்னது, மருந்தை ஊற்றியது, ஊர் ஊராக மறைத்துக்கொண்டு போனது. வீட்டுக்காரர் என்னை அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேட்டி" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். பெனிஷாவுக்குப் பிறவியிலேயே மூத்திரம் மூத்திரப்பையிலிருந்து திரும்பக் கிட்னிக்கு ஏறுகிறது. "திரும்பத் திரும்ப வந்தா கிட்னி கெட்டுப்போகுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "எல்லாருக்கும் அப்படி ஆகாது. உடனே மருந்து எடுத்து, அதை முடிச்சா அநேகம் பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இந்தக் குறை உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் கிட்னியில தழும்பு விழலாம். விழுந்த தழும்பு மாறாது" என்றார். தழும்பைப் பார்க்கும் ஸ்கேனைக் கிருமி அடங்கிச் சில மாதம் கழித்துத்தான் எடுப்பார்களாம்.

அந்த மாதங்களில்தான் நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன். "ஆண்டவரே, என் பேர் எப்படிப் போனாலும் போகட்டும். இவளுக்கு ஒரு கிட்னியையாவது மிச்சம் வையும்." இதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சோறு வடிக்கும்போதும் இதேதான், பஸ்ஸில் போகும்போதும் இதேதான்.

ஸ்கேன் முடிவு வந்தது. இடது கிட்னி தழும்பு விழுந்து சுருங்கிவிட்டது. அது இனி வளராது. வலது கிட்னியில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டரம்மாவின் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். நன்றி பாதி, துக்கம் பாதி. அந்தத் துக்கம் இன்னும் போகவில்லை.

கிருமி திரும்ப வராமலிருக்க இப்போது தினமும் படுக்கப்போகுமுன் மருந்து கொடுக்கிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. அதன்பிறகு கர்த்தர் கிருபையால் காய்ச்சல் திரும்ப வரவில்லை. பிரஷரும் இரத்தமும் அவ்வப்போது பார்க்கிறோம். கொடுக்கும்போது நானும் அவளும் ஜெபிக்கிறோம். அந்த டாக்டரம்மாவையும் மருந்தையும் அனுப்பினவர் ஆண்டவர்தான் என்று இப்போது நம்புகிறேன்.

என்னைப்போல இங்கே யாராவது எதையாவது மறைத்துக்கொண்டிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன். உண்மையைச் சொல்லி ஜெபியுங்கள், அவர் கேட்பார். எனக்குக் கேட்டாரே.

பெனிஷாவுக்கு இன்னும் விவரம் தெரியாது. "இந்த மருந்து இன்னும் எத்தர நாளும்மா?" என்று கேட்கிறாள். வளர்ந்த பிறகு, ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குப் பெலன் வேண்டும் என்று ஜெபித்துக்கொள்ளுங்கள்.