படலையடித் தண்ணீர்

அக்காவைப் பற்றி எழுத இரத்த உறவில் என்னை விட்டால் ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லொறியிலும் சூளையிலும் மீன்வாடியிலும் ஊர் ஊராய்க் கிடந்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா ஆண்டவரிடம் போன ஓராண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறேன். கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். அங்கே உங்களுக்கென்று ஒரு சேதி இருக்கிறது.

அக்கா துணுக்காயில் பிறந்தார். அப்பா கூலிக்கு வயல் செய்தவர். அம்மா நேரத்தோடு போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்காதான். கல்யாணம் முடித்துப் பூவரசங்குளத்துக்குப் போனார். யுத்தம் எங்களைக் கிளப்பிய இடங்களை நான் எழுதவில்லை. உங்களில் பலர் எங்களோடு அதே மரங்களின் கீழ்தான் படுத்திருந்தீர்கள். அந்த ஓட்டத்தில் அத்தான் காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. முகாமிலிருந்து அக்கா திரும்பி வந்தபோது வீடிருந்த வளவு பற்றைக்காடாகக் கிடந்தது. அவர் கையில் ஒரு செபமாலையும் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் ஒரு கேத்திலும் இருந்தன.

முதலில் கிணறு வெட்டுவித்தார். பாதியில் கல் வந்துவிட்டது.

"வேற இடம் பாருங்கோ அம்மா, இது உடையாது" என்றார் வெட்டியவர்.

"நீங்கள் வெட்டுங்கோ. நான் செபிக்கிறன். ரெண்டு பேரும் அவரவர் வேலையைச் செய்வம்."

கல்லுக்குக் கீழே தண்ணீர் வந்தது. கோயில் சுவாமி வந்து மாதாவின் பெயரால் செபித்து மந்திரித்தார். அன்றிலிருந்து ஊரில் அதற்கு மாதா கிணறு என்று பெயர்.

அக்காவின் நாள் அந்தக் கிணற்றடியில்தான் தொடங்கும். சிலுவை அடையாளம் போட்டுவிட்டு வாளியை இறக்குவார். முதல் வாளி வீட்டுக்கு வராது. வேலி வாசலில், படலையடியில் வைத்திருந்த மண்பானைக்குப் போகும். மடு மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். வழிப்போக்கரும் பிள்ளைகளும் குடிப்பார்கள். கேத்தில் கொதிக்கும்வரை அடுப்படியில் நின்று செபம் சொல்லுவார். பக்கத்து வளவில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ராசாத்தியின் குடும்பம் இருந்தது. அவர்களுக்குக் கிணறு இல்லை. அவர்கள் குடித்ததும் எங்கள் கிணற்றில்தான்.

நான் எப்போதாவது தலைகாட்டினால், "வந்திட்டார் எங்கட பாப்பரசர், உலகம் சுத்தி! முதல்ல தண்ணியைக் குடி, பிறகு கதை" என்பார்.

ஒருமுறை கேத்திலுக்குள் பார்த்தேன். சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாய்ப் படிந்திருந்தது. அக்கா அதைக் கரண்டியால் சுரண்டி வாழைக்குக் கீழே கொட்டினார். அடுத்த முறை வந்தபோது ராசாத்தியின் கணவருக்குக் கால் வீங்கியிருந்தது. அதற்கடுத்த முறை, சிறுநீரகம் பழுதாம், இரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார் என்றார்கள். பிறகு வந்தபோது அவர் இல்லை. எதிர்வீட்டிலும் ஒருவர் கிளினிக் போகத் தொடங்கியிருந்தார்.

கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கச் சுகாதாரப் பகுதி ஆட்கள் வந்தபோது அக்கா படலையிலேயே மறித்துவிட்டார்.

"இது சுவாமி மந்திரிச்ச கிணறு. வேற வீடுகளைப் பாருங்கோ தம்பி."

அவர்களும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாதா கிணற்றில் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

போன தவக்காலத்துக்கு முந்திய தவக்காலத்தில் நான் வந்தேன். அக்கா தண்ணீரோடு எழுந்து வரவில்லை. கதிரையில் இருந்தபடியே, "நீயே அள்ளிக் குடி" என்றார். அவர் காலில் விரலை வைத்து அழுத்தினேன். பள்ளம் அப்படியே நின்றது.

அக்காவுக்கும் சிறுநீரகம்தான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதன்பின் அக்காவே கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிச் சோதனைக்குக் கொடுத்தனுப்பினார். குடிக்க ஏற்றதல்ல என்று முடிவு வந்தது. நோய்க்குத் தண்ணீர் மட்டும்தான் காரணமா என்பதை டாக்டர்களே உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் குடிக்க வேண்டாம் என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு காலமும் உன்ர மாதா பார்த்துக்கொண்டோ இருந்தவா?" என்று கேட்டேன்.

"ஓம், பார்த்துக்கொண்டுதான் இருந்தவா. ஒவ்வொரு நாளும் கேத்திலுக்குள்ள காட்டினவா. நான்தான் பார்க்கேல்லை."

அன்று பின்னேரமே என் தோளைப் பிடித்துக்கொண்டு ராசாத்தி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ராசாத்தி, உன்ர மனுசனுக்கு நான் குடுத்த தண்ணி நல்லதில்லையாம்."

ராசாத்தி குனிந்து அக்காவின் காலைப் பார்த்தாள். பிறகு, "உள்ள வந்து உக்காருங்கக்கா. காலப் பாருங்க எப்படி இருக்குன்னு. தண்ணி குடுத்தவங்ககிட்ட கோவிச்சுக்கிட்டு நான் எங்க போறது? இந்தப் பக்கம் பூரா ஒரே மண்ணு, ஒரே தண்ணிதானே" என்றாள்.

அந்த ஆவணியில் மடுவுக்கு சனம் நடந்தது. அக்கா பானையைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் கதிரை போடச் சொல்லி, வீங்கிய காலோடு விடிந்ததிலிருந்து இருந்தார். "இங்க குடியாதேங்கோ பிள்ளையள். சந்திக் கடையில வடிகட்டின நல்ல தண்ணி இருக்கு" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

"ஒரு வாய் தண்ணிக்கும் வழியில்லாத வேதக்காரர்!" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா சிரித்தார். "நல்லாத் திட்டட்டும். திட்டிக்கொண்டு போறவர் குடியாமல் போறார்."

ஆனால் முந்திய ஆண்டுகளில் அங்கே குடித்துவிட்டுப் போனவர்களின் முகங்கள் அவரை விடவில்லை. கடைசி நாட்களில் செபமாலையை உருட்டியபடி அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். "பேர் தெரியாது தம்பி. ஆண்டவருக்குத் தெரியும். அவரிட்டத்தான் குடுத்திருக்கிறன்" என்பார். ஆண்டவர்மேல் இருந்த நம்பிக்கை ஒரு இழையும் தேயவில்லை. ஒரு விடியற்காலையில் ராசாத்தியின் மடியில் தலை வைத்தபடி அமைதியாகப் போனார்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரத் தம்பிக்கும், எண்ணெய் பூசி நோயில்பூசுதல் தந்த சுவாமிக்கும், தன் துக்கத்தை ஒதுக்கிவைத்து அக்காவைக் குளிப்பாட்டிய ராசாத்திக்கும், குழி வெட்டியவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்களுக்கும் என் நன்றி.

இனிச் சொல்வது அக்கா எழுதச் சொன்னது. தன் குணநலன்களை எழுத வேண்டாம், இதை மட்டும் எழுது என்றார். எங்கள் வீட்டுக்கு நல்லதுக்கோ கெட்டதுக்கோ வந்து தண்ணீரோ தேத்தண்ணியோ குடித்தவர்களும், மடுவுக்குப் போகும் வழியில் எங்கள் படலையடியில் குடித்தவர்களும் தயவுசெய்து போய் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் உடம்பில் ஒன்றும் தெரியாது. அக்காவுக்கும் தெரியவில்லை.

நான் சோதித்துவிட்டேன். அதனால் இந்த முறை ஊரை விட்டுப் போகவில்லை. வியாழக்கிழமைகளில் எனக்குக் கிளினிக். காலையில் கிணற்றடியில் நின்று, அக்கா போட்டதுபோலச் சிலுவை அடையாளம் போடுகிறேன். வாளியைத் தொடுவதில்லை.