ஓடத்துக்குப் பூசிய நெய்

ராசிபுரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மடியிலிருந்த நெய்ப் போசியைத் திறந்தார். காறிப்போன நெய். அந்த நாற்றம் என் மூக்கில் ஏறியது.

என் சிறு வயதில் அப்பாவுக்குக் காவிரியில் ஓடம் இருந்தது. கயிறு கட்டும் இரும்பு வளையத்தை மேல்பலகையில் முடுக்கும்போது, தண்ணீர் இறங்காமலிருக்க வளையத்தின் அடியில் குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். அப்பாவோ சந்தையில் மலிவாகக் கிடைத்த காறல் நெய்யில் காய்ச்சிச் சமையலறையில் வைத்தார். பானையில் கரப்பான்கள் செத்துக் கிடந்தன, எலிமயிர் ஒட்டியிருந்தது.

"நெய் எப்படீங்க இறுகும்? எலிதானுங்க திங்கும்," என்றார் ஓடக்காரர் மாரப்பன்.

"உன்ற ஊட்டுச் சோத்துலயா ஊத்தறேன்? சும்மா பூசு," என்றார் அப்பா.

எலி தின்றது. பலகை ஊறி நைந்தது. புதுவெள்ளத்தில் வளையம் பிடுங்கிக்கொள்ள, ஆட்களோடு ஓடம் அடித்துப் போனது. மாரப்பன்தான் குதித்து நீந்தி எல்லோரையும் கரைசேர்த்தார்.

கூடியவர்களிடம் அப்பா, "நல்ல எண்ணெய்தானுங்க குடுத்தேன். இவன்தான் நெய்யைப் பூசிப்போட்டான்," என்றார்.

மாரப்பன் என்னிடம் திரும்பினார். "சாமி, நீங்க பார்த்தீங்கல்ல? சொல்லுங்க."

அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அன்றே அவர் வேலை போனது.

பஸ்ஸில் பக்கத்துக்காரர் என் முகத்தைப் பார்த்து, "நாறுதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன்.