சல்லாரி விழவில்லை

என் தொழிலுக்கு ஊரில் சரியான பெயர் கிடையாது. இசைக்குழு மேடையில் பாடும்போது நான் கீழே ஒரு மேசை போட்டு, குமிழ்கள் நிறைந்த ஒரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, எந்த மைக்கின் சத்தம் எவ்வளவு வரவேண்டும் என்று கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெட்டிக்கு மிக்சர் என்று பெயர். ஆகவே நான் மிக்சர்காரன். கடலை இருக்கிறதா என்று கேட்காத பகிடிக்காரன் எங்கள் குருநகரில் ஒருவனும் இல்லை. முதல் பத்து வருடம் கோபம் வந்தது. பிறகு, "ஓம், உறைப்பும் இருக்கு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பகிடி பண்ணினாலும் என் காதுக்கு மரியாதை இருந்தது. கிற்றாரில் ஒரு கம்பி இறங்கினால் வாசிக்கிறவனுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும். "அவன்ரை காது பிழைக்காது" என்பார்கள். நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, அதை வைத்து மற்றவர்களைக் குத்தியும் இருக்கிறேன். வலிகாமத்தில் வயதுபோன மிக்சர்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெட்டியில் இருந்தால் முன்வரிசைச் சனம் காதைப் பொத்தும். பாடுகிறவரின் ஒவ்வொரு 'ஸ'வும் ஊசியாக வந்து குத்தும். கிழவனுக்குக் காது அடைத்துப்போனால் நாங்கள் ஏன் சாகவேண்டும் என்று அவருக்குக் கேட்கத்தக்கதாகவே சொல்லிச் சிரித்தேன். எனக்கு அப்போது முப்பது வயது. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பெட்டிக்குத் திரும்பினார்.

என் மனைவியின் தமையன் எனக்கு மச்சான் மட்டுமல்ல, பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளியும்கூட. கடற்றொழில் செய்தான். எங்கள் தேவாலயப் பங்கில் நாட்டுக்கூத்து நடந்தால் சல்லாரி போடுகிறவன் அவன்தான். சல்லாரி என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு வெண்கலக் கிண்ணங்கள். அவை முட்டும்போது எழும் கூரிய நாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறவர்களின் கால்கள் நடக்கும். மச்சானின் கை வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. அந்தக் கையில் அவ்வளவு நுட்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் யாரையும் இலேசில் புகழமாட்டார். அவரே, மச்சான் இருந்தால் தான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

எண்பத்தாறாம் ஆண்டு பங்குச் சுவாமிக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாடு போன பிள்ளைகள் கூடிக்கொண்டிருந்தார்கள். வேதசாட்சி ஒருவரின் கதையைச் சொல்லும் எங்கள் கூத்தைக் கசெற்றில் பதிந்து அவர்களுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டார். பதிகிற பொறுப்பு வேறு யாருக்கு வரும்? பள்ளிக்கூட மண்டபத்தின் யன்னல்களில் பழைய படகுப் பாய்ச்சீலைகளைத் தொங்கவிட்டு, ஐந்து மைக் வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ராசா மாதிரிக் கதிரையில் இருந்தேன். எனக்கு வயது ஐம்பத்துநாலு.

முதல் பாட்டை எடுத்துவிட்டுப் போட்டுக் கேட்டேன். எல்லாம் வந்திருந்தது, சல்லாரி வரவில்லை. எங்கேயோ 'டொக், டொக்' என்று பலகையில் தட்டுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மைக்கைக் கிட்டக் கொண்டுபோய் வைத்தேன். திரும்ப எடுத்தோம். அப்போதும் வரவில்லை.

"மச்சான், சல்லாரி விழேல்லை. அழுத்தி அடி."

விழவில்லை என்றால் நாடாவில் பதியவில்லை என்று எங்கள் தொழிலில் அர்த்தம். அவன் அழுத்தி அடித்தான். அண்ணாவியார் நிமிர்ந்து பார்த்தார். பாடியவர்களில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். பாட்டு வராதவர்கள் முகத்தைச் சுளிப்பது வழமைதானே என்று நினைத்தேன். ரெக்கோடரில் சத்தத்தை அளக்கும் முள் ஒவ்வொரு அடிக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டித் துள்ளியது. இதை எழுதும்போதே என்னை நான் செருப்பால் அடிக்கவேண்டும் போல இருக்கிறது. முள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நானோ முள் பழுது என்று முடிவுகட்டினேன்.

மத்தியானம்வரை அப்படியே போனது. வெக்கை, பசி, ஏழாம் முறையும் அதே பாட்டு. எனக்கு ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

"மச்சான், உன்ரை கை விழுந்திட்டுது."

மண்டபத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் எல்லோருக்கும் சல்லாரி காது கிழியக் கேட்டிருக்கிறது. ஆனால் சொன்னவன் நான். என் காது பிழைக்காது என்றால் தங்கள் காதில்தான் ஏதோ குறை என்று நினைத்தார்களோ என்னவோ. மச்சான் தன் கைகள் இரண்டையும் திருப்பிப் பார்த்தான். சல்லாரியைத் துணியில் சுற்றினான். "வேறை ஆளை விடுங்கோ, நான் வாறன்" என்று அண்ணாவியாரிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். அண்ணாவியாரின் மருமகன் இரவல் சல்லாரி ஒன்றோடு வந்து இருந்தான். அவன் அடித்ததும் எனக்கு விழவில்லை. இந்தக் காலத்தில் கைகளே இல்லை என்று அலுத்துக்கொண்டு, கூர்ச்சத்தத்துக்கான குமிழை முழுதாகத் திருப்பிவிட்டுப் பதிந்து முடித்தேன்.

ஜேர்மனியில் இருந்த என் மகன் இரண்டு மாதம் கழித்துக் கடிதம் போட்டான். சல்லாரி மட்டும்தான் கேட்கிறதாம், பாட்டு ஒன்றும் விளங்கவில்லையாம், பல்லுக் கூசுகிறதாம். அங்கத்தைய குளிரில் கசெற் கெட்டுப்போயிருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து வைத்தாள்.

மச்சானைத்தான் அந்தச் சொல் தின்றது. அதற்குப் பிறகு அவன் கூத்துப் பக்கம் போகவில்லை. அது மட்டுமென்றால் பரவாயில்லை. கிழிந்த வலையைப் பொத்தும்போது ஒரு முடிச்சு அவிழ்ந்தால், முன்பென்றால் தூஷணத்தால் திட்டிவிட்டுத் திரும்பப் போடுவான். இப்போது கையைப் பார்த்தான். கயிறு வழுக்கினால் கையைப் பார்த்தான். தன்னால் மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று சொல்லி ஒருநாள் கடலுக்குப் போவதையும் விட்டான். கரையில் மீனைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தான். கேட்டவர்களுக்கு, என் பெயரைச் சொல்லி, அவனே சொன்ன பிறகு வேறென்ன என்றான். என்னில் அவனுக்குக் கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

அதற்கும் இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு மகன் எனக்கு ஒரு டிஜிற்றல் கைக்கடிகாரம் அனுப்பினான். எந்தப் பொத்தானை எப்படி அமத்தினேனோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில், சுவாமி அப்பத்தை உயர்த்தி, கோயிலே மூச்சடங்கி நின்ற நேரம், முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். யாருக்கோ மயக்கமாக்கும் என்று நானும் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் இருந்தவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் இருந்து மனைவி தன் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினாள். நேரம் போகிறது என்கிறாள் என்று நினைத்தேன். கடைசியில் பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்துப் பொத்தானை அமத்தி அலாரத்தை நிறுத்தினார். அதன் பிறகுதான் சுவாமி உயர்த்திய கைகளை இறக்கினார்.

வீட்டுக்கு வந்து மனைவி அதைத் திரும்ப அடிக்க வைத்து என் காதோடு ஒட்டிப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. கடிகாரம் பழுது என்றேன். அவள் அதை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், அங்கிருந்து, "இஞ்சையும் கேக்குது" என்றாள்.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். கதவுத் திறப்புக் கோர்வையைக் குலுக்கினால் துணிமூட்டையைக் குலுக்கியதுபோல இருந்தது. கரண்டி விழுந்தால் விழுந்தது தெரிந்தது, கிணுக்கம் தெரியவில்லை. மனிதர் கதைப்பது கேட்டது. கடல் கேட்டது. காகம் கேட்டது. அந்தக் கூத்துக் கசெற்றைத் தேடி எடுத்துப் போட்டேன். பாட்டுத் தொடங்கியதும் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எனக்குள்ளே 'டொக், டொக்' என்று பலகைதான் தட்டியது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வலிகாமத்துக் கிழவரின் முகமும் நினைவில் வந்தது.

காது டொக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டித் தட்டிக் காதோரம் வைத்துப் பார்த்தார். கூரான மேல் சத்தங்கள் போய்விட்டன, வயதுக்கு வருவதுதான், பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற ஆட்களுக்குக் கொஞ்சம் முந்தி வரும், போனது திரும்பாது என்றார். மருந்து கேட்டேன். "கதைக்கிறது கேக்குதுதானே? பிறகென்ன?" என்றார். அவருக்கு வெளியே நீண்ட வரிசை காத்திருந்தது. எனக்கு எது போய்விட்டது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழும்பி வந்தேன்.

அன்றைக்கே மச்சானிடம் போயிருக்கவேண்டும். போகவில்லை. காது போன மிக்சர்காரனை யார் கூப்பிடுவார்கள் என்ற பயம். அதற்குமேல், வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடத்தை ஓட்டினேன். மேடைகளில் குமிழைத் தொடாமல், முன்வரிசைச் சனத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்தேன். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கி மின்சாரம் அடியோடு நின்றது. பாட்டுக் கேட்கிறவர்கள் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றிக் கேட்டார்கள். மேடையும் இல்லை, பெட்டியும் இல்லை. என் காது போனது ஊருக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். அதற்காக ஒரு கணம் நிம்மதிப்பட்டவன் நான்.

ஷெல் விழத் தொடங்கக் குருநகர் கலைந்தது. நாங்கள் ஒரு பக்கம், மச்சான் குடும்பம் ஒரு பக்கம். அவர்கள் இளவாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இனியும் பிந்தினால் ஆளையே காணாமல் போகலாம் என்று சைக்கிளில் வெளிக்கிட்டேன்.

வகுப்பறையைச் சேலைகளால் நாலாகப் பிரித்திருந்தார்கள். ஒரு மூலையில் மச்சானும் பெண்சாதியும். விறாந்தையில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மச்சான் நன்றாக மெலிந்திருந்தான். அவன் தந்த தேத்தண்ணியைக் குடிக்குமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிகாரம், டொக்டர், முள், எல்லாம். உன் கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை, என் காதுதான் என்று சொன்னேன்.

அவன் கடைசிவரை கேட்டான். பிறகு சிரித்தான்.

"என்னைத் தேத்துறதுக்கு உவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சு வந்தனியோ? விடு மச்சான். உன்ரை காது பிழைக்காது. எனக்குத் தெரியும்."

என் காதுக்கு எதிராக என்னிடமே என் காதைச் சாட்சிக்கு வைத்தான். இதற்கு மேல் என்ன செய்வது? கெஞ்சினேன். ஒருக்கால் அடி, பார்ப்போம் என்றேன். வலையை விட்டுவிட்டு வந்தவன் சல்லாரியை விட்டுவிட்டு வரவில்லை. அதே துணியில் சுற்றி வைத்திருந்தான். எடுத்து இரண்டு கையிலும் பிடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கைகளை அசைத்தான். பழைய அசைவு, பழைய கணக்கு. நான் தலையை ஆட்டித் தாளம் போட்டேன்.

"எப்பிடி?" என்றான்.

"நல்லா இருக்கு மச்சான். கை பழையபடி நிக்குது."

அவன் அசைவை நிறுத்தவில்லை. நிதானமாகச் சொன்னான். "நான் இன்னும் முட்டவிடேல்லை."

குனிந்து பார்த்தேன். இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அவனுடைய முகம் மாறிக்கொண்டு வந்தது. நான் சொன்னது உண்மை என்பதை அவன் அப்போதுதான் நம்பினான். இத்தனை வருடம் வீணாகக் கடலுக்குப் போகாமல் இருந்ததும் அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்கவேண்டும்.

பிறகு அவன் அடித்தான். அந்தப் பழைய 'டொக்'கும் இப்போது எனக்கு இல்லை. அடித்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், விறாந்தையில் ஓடிய பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சேலையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். அவன் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இப்ப?" என்று கேட்டான்.

"கேக்கேல்லை மச்சான்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் நிறுத்தவில்லை. நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.