கை தூக்கிய பிள்ளைகள்

எனக்கு இரண்டு விஷயம் தெரியும் என்று விருதுநகரில் எங்கள் தெருவில் ஒரு பேர் இருந்தது. ஒன்று கால்பந்து, இன்னொன்று இங்கிலீஷ். இரண்டுமே அரைகுறை. அந்த அரைகுறையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். கல்லூரியை முடித்துவிட்டு அத்தாவின் மிளகாய் வத்தல் மண்டியில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்துத் தெரு வேதக்கோயில் போதகர் மண்டிக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து ஓர் இளைஞர் வந்திருக்கிறார், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து அதன் வழியாக ஊழியம் செய்ய ஆசைப்படுகிறார், அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, பந்தும் பாஷையும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். தேடிப் பார்த்ததில் ஊரில் அப்படி இருந்தது நான் ஒருத்தன்தானாம்.

அத்தா உடனே தலையாட்டிவிட்டார். "கூட்டிட்டுப் போங்க. இங்கன உக்காந்து தும்முறதுக்கு அங்கன போயி ஓடட்டும்" என்றார். போதகர் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "தொழுகைக்குக் கூப்பிட்டா காலு வலிக்குது. அவுக ஜெபத்துக்கு மட்டும் வாயி வலிக்காதோ?"

வந்தவருக்கு இருபத்துநாலு வயது இருக்கும். கோச் என்றுதான் கூப்பிடுவோம். வருடம் முழுக்க மழை பெய்யும் ஏதோ ஒரு நாட்டுக்காரர். எங்கள் ஊர் வெயிலில் மூன்றே நாளில் அவர் மூக்கு உரிந்துவிட்டது. ஆனால் ஆள் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததில் அவர் செய்த தப்பு என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

சிவகாசி போகிற வழியில் ஒரு கிராமத்தில் இடம் கேட்டோம். ஊர்ப் பெரிய விவசாயி ஒருவருக்கு, எங்கள் பக்கம் சம்சாரி என்போம், ரோட்டோரமாக விதைக்காமல் கிடந்த கரிசல் நிலம் இருந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தாராளமாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பிள்ளைக விளையாடட்டும் தம்பி. ஆனா இங்கன சாமி பேச்சு எடுக்கப்படாது. ரெண்டு கோயிலுக்கு நடக்கிற சண்டையே இந்த ஊர்ல ஓயல. மூணாவதா ஒண்ண எங்ஙன வைக்கிறது?"

"சரிங்கய்யா" என்றேன்.

என்ன சொல்கிறார் என்று கோச் கேட்டார். ரொம்ப சந்தோஷம் என்கிறார் என்றேன். முதல் பொய் அதுதான். பந்து உருளட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போகிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

செப்டம்பரில் பயிற்சி தொடங்கியது. பள்ளிக்கூடம் போகும் முன் காலையில் ஒரு மணி நேரம். முப்பது பிள்ளைகள், அதில் ஆறேழு பேர் பெண்பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் அம்மாவோ அக்காவோ ஆபீஸுக்குப் போகிறவர்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையையும் பட்டாசுத் தொழிற்சாலையையும் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வேன் வந்து ஏற்றிப் போகும், இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து இறக்கும்.

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து கோச் பத்து நிமிடம் பேசுவார். அதற்காகத்தான் அவர் கடல் தாண்டி வந்திருந்தார். பாவத்தைப் பற்றிப் பேசினால் நான் ஃபவுலைப் பற்றிச் சொல்வேன். மன்னிப்பைப் பற்றிப் பேசினால், கீழே தள்ளிவிட்டவன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்பேன். கண்ணை மூடிப் பிரார்த்திப்போம் என்பார். கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். முப்பது பிள்ளைகளும் கண்ணை மூடுவார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு தெரியும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். ஒரு துலுக்கன் வாயில் நுழைந்த வேதாகமம் பந்தாட்ட விதியாக வெளியே வருகிறதே என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஆறேழு பெண்பிள்ளைகளில் ஒருத்திதான் எங்கள் கோல்கீப்பர். பதினாலு வயது. முதலில் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வேகமாக வந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்துத் திருப்பி எறிந்தாள். கோச் ஓடிப்போய் அவளைக் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். சின்ன வயதிலிருந்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டிய கை அது, கண் பார்ப்பதற்குள் வேலையை முடித்துவிடும். பந்தைப் பார்க்க மாட்டாள், உதைக்கிறவன் இடுப்பைப் பார்ப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர். அப்பா திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், வந்தால் உண்டு. அரைப் பரீட்சையோடு மகளையும் வேனில் ஏற்றிவிடுவதாக அம்மா முடிவு செய்திருந்தார். மதுரையில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பந்து ஆடும் பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்துச் சும்மாவே படிக்க வைக்கிறார்கள் என்று கல்லூரியில் என்னோடு ஆடிய நண்பன் சொல்லியிருந்தான். ஜனவரி கடைசியில் ஆள் எடுப்பு. தேறினால் ஜூனில் சேர்த்துக்கொள்வார்கள். அவள் தேறுவாள் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் நான் நிச்சயமாகத் தெரிந்துவைத்திருந்த விஷயங்கள் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று.

அம்மாவிடம் போய்ப் பேசினேன். பேசினேன் என்ன, கெஞ்சினேன்.

"தையோட ஆபீஸ்ல புது ஆளு எடுப்பாக பாய் தம்பி. அது போச்சுன்னா போச்சு. உங்கள நம்பித்தான் பொறுக்கேன்" என்றார். நம்புங்கள் அக்கா என்றேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒருநாள் காலை கோச் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினார். ஆண்டவர் உங்களை அழைக்கிறார், அவரிடம் யார் வந்தாலும் கைவிட மாட்டார், அவரிடம் வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நான் பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"நாளைக்குக் காலைல யாரெல்லாம் வருவீக? கை தூக்குங்க."

முப்பது கையும் உயர்ந்தது. கோல்கீப்பர் இரண்டு கையையும் தூக்கினாள். கோச் அழுதுவிட்டார். அழுதுகொண்டே கேமராவை எடுத்துப் படம் பிடித்தார். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அழுகிற ஆளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் படத்தைத் தன் ஊர்க் கோயிலுக்குக் காலண்டராக அச்சடித்து அனுப்ப அவர் ஆசைப்பட்டது எனக்குத் தெரியாது. போதகரிடம் விசாரித்து, சிவகாசியிலேயே அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். உலகத்துக்கே காலண்டர் அடிக்கிற ஊர் பக்கத்தில் இருக்கும்போது வேறு எங்கே போவார்? அச்சாபீஸில் மை சரியாக ஒட்டாத தாளை எடைக்குப் போடுவார்கள் என்பதும், அந்தத் தாளை வாங்கித்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நானே பத்து வருடம் அப்படி அட்டை போட்டுப் படித்தவன்தான்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது, பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுடைய கணக்கு நோட்டின் அட்டையில் எங்கள் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு மை கொஞ்சம் தள்ளி விழுந்திருந்ததே தவிர, முகமெல்லாம் தெளிவாக இருந்தது. நோட்டு கைமாறிக் கைமாறி எங்கள் கிராமத்துக்கு வந்துவிட்டது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி.

எங்கள் இரண்டு பேரையும் சம்சாரி வீட்டு முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் நின்றார்கள். சம்சாரி கத்தவில்லை. நோட்டை என் கையில் கொடுத்தார்.

"கீழ என்ன எழுதியிருக்குன்னு எம்மகன் படிச்சிட்டான். இருந்தாலும் நீங்க ஒருக்காச் சொல்லுங்க. நீங்கதான மாத்திச் சொல்ற ஆளு."

"இந்தப் பிள்ளைகள் ஒரே நாளில் இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள்" என்று படித்தேன். நாலு மாதத்தில் நான் ஒழுங்காக மொழிபெயர்த்த முதல் வாக்கியம் அது.

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. அவர் சாமியைப் பற்றித்தான் பேசினார், நான்தான் பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை, பந்தைப் பற்றி மட்டும் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "நாளைக்கு யாரு வருவீகன்னு பாய் சார் கேட்டாக, அதான் தூக்குனோம்" என்று ஒரு பையன் எனக்காகச் சொன்னான். கூட்டத்தில் ஒருவர், "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காக பாரு" என்றார்.

என்ன சொல்கிறாய் என்று கோச் கேட்டார். அவரிடமும் இங்கிலீஷில் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். முதல் நாளிலிருந்து என்றேன். அவர் அங்கே கிடந்த உரல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன் தம்பி" என்றார் சம்சாரி. "அதுதான் இன்னும் கேவலமா இருக்கு. இனி அந்த இடத்துல பந்து வேண்டாம்."

இடம் போனது போகட்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோல்கீப்பரின் அம்மா முன்னால் வந்தார். வேனிலிருந்து நேராக இறங்கி வந்திருப்பார் போல, கையில் தூக்குவாளி இருந்தது.

"எங்ககிட்ட சாமி பேச்சே இல்லன்னீக. அவருகிட்ட சாமியத்தான் பேசுறேன்னு சொல்லியிருக்கீக. ரெண்டு பக்கமும் பொய்யி. அப்ப மதுரை ஆஸ்டலு மட்டும் எப்படி நெசமாகும்?"

"அது நெசம்க்கா. அரசாங்கப் பள்ளிக்கூடம்க்கா."

"அதயும் நீங்கதான சொல்றீக."

சத்தியம் பண்ணட்டுமா என்று கேட்டேன். எந்தச் சாமி மேல பண்ணுவீக என்று பின்னால் யாரோ கேட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அங்கன கூட்டிட்டுப் போயி எம்பிள்ளய வேதத்துல சேக்கப் பாக்கீக" என்று சொல்லிவிட்டு மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு மூன்று வேளையும் நன்றாகவே கிடைத்தது. கிடைக்காமல் போனது அவளுக்கு.

அந்த வாரமே கோச் கிளம்பினார். ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன், வேறு யாரும் வரவில்லை. ரயில் வருவதற்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படியானால் இத்தனை நாள் நான் யாரிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன்?"

"என்னிடம்தான்" என்றேன்.

"நீயாவது கேட்டாயா?"

கேட்டேன் என்றேன். அது உண்மைதான், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறேன், கேட்காமல் மாற்றிச் சொல்ல முடியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். இதுவும் பொய்யோ என்று தேடுகிறார் என்று புரிந்தது. கை கொடுக்காமலே ரயில் ஏறினார். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆள் எடுப்பு ஒரு சனிக்கிழமை. நிரப்பிய விண்ணப்பத்தோடு விடியற்காலையிலேயே அந்தக் கிராமத்து நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். அதில் அவள் அம்மாவின் கையெழுத்துதான் பாக்கி. மதுரை பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆபீஸ் வேன் முந்திக்கொண்டது.

அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கையிலும் ஒரு தூக்குவாளி. வயது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "அக்கா, இன்னைக்குத்தான்க்கா. நீங்களும் கூட வாங்க, வந்து கண்ணால பாருங்க" என்றேன். அவர் என் பக்கம் திரும்பாமலே வேனில் ஏறினார்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கோபமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பாய் சார், அன்னைக்கு அவுக நெசமாவே என்னதான் கேட்டாக?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அவுக சாமிகிட்ட யாரெல்லாம் வாரீகன்னு கேட்டாக. யாரு வந்தாலும் அந்தச் சாமி கைவிடாதுன்னு சொன்னாக" என்றேன்.

அவள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அது தெரியாது சார். நாளைக்குக் காலைல யாரு வருவீகன்னு நீங்க கேட்டீக. நான் கை தூக்குனேன். தெனமும் வந்தேன்ல?"

"வந்தே" என்றேன்.

வேன் கிளம்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மதுரை பஸ் வந்தது. அந்த நிறுத்தத்தில் கை காட்டினால்தான் பஸ் நிற்கும். நான் கையைத் தூக்கவில்லை, அது நிற்காமல் போனது.