பெரிய ஹோட்டலில் பருப்புச் சோறு

சுவிட்சர்லாந்தில், நாங்கள் இருக்கும் பீலில் இருந்து பேர்ணுக்கு ரயிலில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. பாஸ்போர்ட் அலுவலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் எத்தனையோ தடவை போய் வந்த நகரம். அங்கே ஒரு ஹோட்டலில் ஓர் இரவு தங்கப்போகிறோம் என்று சொன்னதும், ஷாஃப்ஹவுசனில் இருக்கும் அக்கா தொலைபேசியில் சிரித்தாள்.

"ஏன், வீட்டிலை கட்டில் உடைஞ்சு போச்சோ?"

"பரிசு கிடைச்சதக்கா. இந்த மாசத்தோட முடியுது."

மகள் பிறந்தபோது அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் சேர்ந்து தந்த பரிசுச் சீட்டு அது. இரண்டு வருடமாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கியது. குழந்தை பால் குடிக்கிறாள் என்று முதலில் தள்ளிப்போட்டேன். பிறகு பல் முளைக்கிறது, பிறகு காய்ச்சல். "இவவின்ரை கலியாணம் முடியட்டும், பிறகு போவம்" என்று கணவர் சொன்ன பிறகுதான் அறையைப் பதிவு செய்தேன்.

உண்மையில் எனக்கு அப்போது ஹோட்டல் ஒரு பொருட்டே இல்லை. மகள் சாப்பிடுவதில்லை என்பதுதான் என் பகலும் இரவும். தாய்மார் ஆலோசனை நிலையத்தில் கடைசி இரண்டு தடவை அவளைத் தராசில் நிறுத்தபோதும் நிறை ஏறவில்லை. அடுத்த புதன்கிழமை மறுபடியும் நிறுக்க வேண்டும். அங்கே இருக்கும் ஆலோசகர் அன்பான பெண்மணி, ஆனால் சொல்வதைத் தெளிவாகச் சொல்லுவா. மேசையில் இருத்திச் சாப்பாடு கொடுங்கள். பின்னால் ஓடாதீர்கள். எதையும் காட்டி ஏமாற்றி வாய்க்குள் வைக்காதீர்கள். நான் பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே சொன்னதைச் செய்கிற ஆள். ஆறு கிழமையாக அப்படியே செய்தேன். மகள் ஆறு கிழமையாகச் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துவிட்டுத் தலையை மற்றப் பக்கம் திருப்பினாள். பகலில் அவளை விடும் குழந்தைகள் காப்பகத்தில் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று அங்கே இருப்பவர்கள் சொன்னார்கள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன்.

அக்காவின் கட்சி வேறு. "எடி, தூக்கிக்கொண்டு நடந்து, எதையாவது காட்டிச் சோறு தீத்து. நீயும் அப்பிடித்தான் திண்டனி. காகம் காட்டினாத்தான் வாய் திறப்பாய்."

யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் இடம் வைத்து, ஒரு சூட்டுக் குடுவையில் நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோற்றைப் போட்டு, மணம் வெளியே வராமல் இரண்டு துவாயால் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். அத்தனை பெரிய ஹோட்டலுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

ஹோட்டல் ஆரே ஆற்றுக்கு மேலே, பாராளுமன்றத்துக்குக் கிட்ட. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், பனிமலை பார்க்க வரும் ஆங்கிலேயருக்காகக் கட்டியதாம். அந்தக் கட்டடத்தைப் பேருந்தில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே போனதும் முதலில் தெரிந்தது சத்தம் இல்லாததுதான். கம்பளம் அவ்வளவு தடிப்பு. மகளின் சப்பாத்து வீட்டில் தட்தட்டென்று கேட்கும், இங்கே அவள் நடப்பதே கேட்கவில்லை. தன் காலுக்கு என்ன நடந்தது என்று அவளும் குனிந்து பார்த்தாள்.

அறைக்குள் குளியல் தொட்டிக்கு நான்கு சிங்கக்கால்கள் இருந்தன. கணவர் முழந்தாளிட்டு ஒவ்வொரு காலையும் தடவிப் பார்த்தார். "இஞ்சை பாரும், நகம்கூட வைச்சிருக்கிறாங்கள்."

மாலை ஆறு மணிக்கே சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனோம். மகளுக்கு உயரக் கதிரை கொண்டுவந்தார்கள். குழம்பு இல்லாத பாஸ்டா கேட்டோம், சின்ன வெள்ளிக் கரண்டியோடு வந்தது. அவள் கரண்டியின் பின்புறத்தில் தன் மூக்கு நீளமாகத் தெரிவதைப் பார்த்தாள், கூரையில் தொங்கிய விளக்குகளைப் பார்த்தாள், பக்கத்து மேசைப் பெண்ணின் தோட்டைப் பார்த்தாள். பாஸ்டாவைப் பார்க்கவில்லை.

"நீர் சாப்பிடும், ஆறுது" என்றார் கணவர்.

"முதல் இவ சாப்பிடட்டும்."

"அவ சாப்பிட மாட்டா. நீராவது சாப்பிடும்."

என் மீன் ஆறியது. பரிமாறியவர் வந்து கோப்பையை எடுக்கும்போது, பிடிக்கவில்லையா என்று கவலையோடு கேட்டார். மிகவும் நன்றாக இருந்தது என்றேன். அதை நான் வாயில் வைத்தே பார்க்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்து துவாயை உரித்தேன்.

கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். "புதன்கிழமை அந்த மனிசி கேட்டா என்ன சொல்லப்போறீர்?"

"நீங்கள் ஒண்டும் வாய் திறக்காதேங்கோ."

"நானோ? நான் குளிக்கப் போறன். அந்தச் சிங்கத்தை விட்டிட்டு நான் எங்கையும் வாறதா இல்லை."

ஒரு கையில் குடுவை, இடுப்பில் மகள். கதவைச் சாத்திவிட்டு லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றோம். அது பழைய லிஃப்ட். கதவுக்கு மேலே அரை வட்டத்தில் மாடி இலக்கங்கள், அவற்றின் மேல் மணிக்கூட்டுக் கம்பி போல ஒரு பித்தளை அம்பு. லிஃப்ட் ஏற ஏற அம்பு மெதுவாக நகர்ந்தது. மகள் அதை அண்ணாந்து பார்த்தாள். வாய் திறந்தது. நான் ஒரு வாய் வைத்தேன். அவள் அம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் மென்று விழுங்கினாள். சரியா பிழையா என்று யோசிக்க நேரமில்லை, அடுத்த வாயை உருட்டினேன்.

லிஃப்டுக்குள் சிவப்பு வெல்வெட் போட்ட சின்ன இருக்கை ஒன்று இருந்தது. அதில் அவளை இருத்தி இன்னொரு வாய். கதவு மூடப் போகும்போது கழுத்துப் பட்டி கட்டிய ஒருவர் கையில் கோப்புகளோடு உள்ளே வந்தார். பாராளுமன்றம் கூடியிருந்த கிழமை அது. நான் சோற்றுக் கையைப் பின்னால் மறைத்தேன். பருப்பு மணத்தை எங்கே மறைப்பது?

எந்த மாடி என்று கேட்டார். அமத்துவதற்கு என்னிடம் சுத்தமான விரல் இல்லை என்பதைக் கண்டிருப்பார். எந்த மாடி என்று நான் யோசித்தே இருக்கவில்லை.

"எல்லா மாடியும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன்.

அவர் மகளையும் குடுவையையும் பார்த்தார். "அப்படியென்றால் மேலேயிருந்து தொடங்குங்கள்" என்று சொல்லிக் கடைசிப் பொத்தானை அமத்தினார். இறங்கும்போது மகளிடம், "நல்லாச் சாப்பிடு" என்று பேர்ண் ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனார். லிஃப்டில் சோறு தின்பது நாட்டில் எல்லோரும் செய்கிற காரியம் போல அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

மேல் மாடியில் கூரை தணிவு. கதவுகளும் ஒடுக்கம். விருந்தாளிகளோடு வந்த வேலைக்காரப் பெண்கள் முன்பு தங்கிய அறைகள் என்று சுவரில் எழுதியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக மணிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் அறை இலக்கம். கீழே யாராவது கயிற்றை இழுத்தால் இங்கே மணி அடிக்குமாம். "டிங்" என்றேன். வாய் திறந்தது. "டிங்." இன்னொரு வாய்.

பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம். நீளப் பாவாடை உடுத்த பெண்கள் ஹோட்டல் வாசலில் நிற்கிறார்கள், மலை மலையாகப் பெட்டிகள். ஓரத்தில் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. எல்லோரும் புகைப்படக்காரரைப் பார்க்க, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருத்தி மட்டும் வண்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் குழந்தை சாப்பிட்டதா? யார் தீத்தினார்கள்? தாய் மண்டபத்தில் இருந்திருப்பாள், இவள் இந்தத் தணிந்த கூரைக்குக் கீழே ஒவ்வொரு மணிக்கும் எழும்பியிருப்பாள். அவள் எப்போது சாப்பிட்டாள்? நான் நிறைய நேரம் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். மகள் என் தோளைத் தட்டினாள்.

லிஃப்டுக்குக் காத்திராமல் மாடிப்படிக்கு வந்தோம். படிகள் வட்டமாகக் கீழே இறங்கின. நேர் மேலே கண்ணாடிக் கூரை. நீலமும் மஞ்சளும் பச்சையுமாகக் கொடிகள், பூக்கள். வெயில் இன்னும் போகவில்லை, அந்த நிறங்கள் வெள்ளைச் சுவரில் இறங்கி நின்றன. படியில் குந்தினேன். குடுவையை மடியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். இதைக் கழுவுகிறவர்கள் எங்கே ஏணி வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தபடி இருந்திருக்கிறேன்.

என் வாய்க்குள் சோறு வந்தது.

மகள் குடுவைக்குள் கையை விட்டுப் பிடித்த பிடிச் சோற்றில் பாதி என் தாடையில், பாதி வாயில். நான் மென்றேன். அவள் என் மடியில் ஏறி, முகத்துக்கு மிகக் கிட்ட வந்து, என் வாய் அசைவதைப் பார்த்தாள். லிஃப்டின் அம்பைப் பார்த்த அதே பார்வை. விழுங்கியபோது என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா ஆம்" என்றாள், ஏதோ கண்டுபிடித்தவள் போல. சாப்பிடுவதற்கு அவளுடைய சொல் அது.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் சாப்பிடுவதை அவள் எப்போது பார்த்திருக்கிறாள்? வீட்டில் அவளுக்குக் கொடுத்து, அவளைக் கழுவி, அவளை நித்திரையாக்கின பிறகு, அவள் விட்ட மிச்சத்தைக் குசினியில் நின்றபடியே தின்பேன். கணவர் வேலையால் வர நேரமாகும். மேசையில் இருத்துங்கள் என்று ஆலோசகர் சொன்னதை அப்படியே செய்தேன். அவளை இருத்தினேன், எதிரே நான் கரண்டியோடு காவல் இருந்தேன். காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து மெல்லுகிறார்கள். அவர்கள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை.

அவள் மறுபடியும் குடுவைக்குள் கையை விட்டாள். இந்தமுறை தன் வாய்க்கு. பிறகு எனக்கு. அந்தப் படியில் இருந்து, கம்பளத்தில் விழுந்த பருக்கைகளை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பொறுக்க, குடுவை காலியானது. அவள் எவ்வளவு சாப்பிட்டாள், நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று கணக்குத் தெரியாமல் போனது எனக்குப் பதற்றமாகவும் இருந்தது.

காலையில் சாப்பாட்டு மண்டபத்தில் முதலில் எனக்கு ஒரு கோப்பை எடுத்தேன். பாண், மூன்று வகைச் சீஸ், அவித்த முட்டை, பெயர் தெரியாத ஏதோ பழக்கூழ். மகளுக்கு முன்னால் எதையும் வைக்கவில்லை. கணவர் என் கோப்பையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என்னப்பா, சிங்கம் நீர்தான் போலை."

"கதையாதேங்கோ. சாப்பிடுங்கோ."

சூட்டோடு முட்டையைத் தின்றேன். மகள் என் வாயைப் பார்த்தாள், தகப்பனின் வாயைப் பார்த்தாள். பிறகு உயரக் கதிரையில் இருந்து எட்டி என் கோப்பையில் இருந்த சீஸை இழுத்தாள். "அது அம்மாவின்ரை" என்று அவர் தடுக்கப் போனார்.

"விடுங்கோ" என்றேன். "எடுக்கட்டும்."

புதன்கிழமை தராசு கொஞ்சம்தான் ஏறியது. ஆலோசகர் அது போதும் என்றா. மேசையில் சாப்பிடுகிறாளா என்று கேட்டா. லிஃப்டையும் மணிகளையும் மாடிப்படியையும் ஒளிக்காமல் சொன்னேன், ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தபடியே. அவ பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா: "நீங்கள் இன்று மத்தியானம் சாப்பிட்டீர்களா?"

இல்லை. பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சோற்றைச் சூடாக்கி ஒரே கோப்பையில் போட்டேன். மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவள் நான்கைந்து வாய் தின்றாள். பிறகு இறங்கி யன்னலுக்கு ஓடிப்போய், கீழே போகும் பேருந்தைக் காட்டினாள். நான் பின்னால் எழும்பப் போனேன். பிறகு இருந்த இடத்திலேயே இருந்து மிச்சச் சோற்றைத் தின்று முடித்தேன்.